துரையப்பா விளையாட்டரங்கு: ஒரு பெயரும் ஒரு வாழ்வும்

மறைந்தோர் பெயரை இடத்தோடு இணைத்து நிலைநிறுத்துதல் தமிழரின் தொன்மையான வழக்கம். போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வணங்கிய செய்தியைச் சங்க நூல்கள் பலபடப் பேசுகின்றன. காலம் மாறிற்று, கல் நட்ட கைகள் இன்று வீதிக்கும் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் விளையாட்டரங்குக்கும் பெயர் சூட்டுகின்றன. நடுகல்லைக் கண்ட வழிப்போக்கன் அங்குக் கிடந்தவன் யாரென்று கேட்டறிந்தான். இன்றைய மனிதனோ நாள்தோறும் பெயர்ப்பலகையைக் கடந்து செல்கின்றான். அப்பெயருக்குரியவர் யாரென்று கேட்பதில்லை.

அவ்வாறு கேட்டறிய வேண்டிய பெயர்களுள் ஒன்று, யாழ்ப்பாண நகரின் நடுவே, பண்ணைக் கடலேரியை அடுத்த பழைய கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அருகே அமைந்த துரையப்பா விளையாட்டரங்கின் பெயராகும். அந்நகரின் மாநகர முதல்வராக விளங்கிய ஆல்பிரட் தங்கராசா துரையப்பாவின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. அவரைப் போற்றுவோரும் உளர், தூற்றுவோரும் உளர். இரு சாராருக்கும் இடையே நின்று அவர்தம் வாழ்வை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரும் அதன் முதல்வர்களும்

யாழ்ப்பாணம் 1949ஆம் ஆண்டு மாநகர சபை என்னும் தகுதியைப் பெற்றது. சாம் சபாபதி அதன் முதலாவது மாநகர முதல்வர் ஆனார். சைவரும் கிறித்தவரும் இசுலாமியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த நகரம் அது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மணியோசையும், மாதா கோயில்களின் மணியோசையும், சோனகத் தெருப் பள்ளிவாசல்களின் பாங்கொலியும் ஒரே காற்றில் கலந்து ஒலித்த நகரம். இசுலாமியர் சிறு தொகையினராக இருந்தும், 1955ஆம் ஆண்டில் எம். எம். சுல்தான் என்னும் இசுலாமியர் அந்நகரின் முதல்வராகத் தெரிவு செய்யப்பட்டார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இலங்கை முசுலிம்களின் கல்வி வளர்ச்சிக்கு அரும்பணி ஆற்றிய அறிஞர் அ. மு. அ. அசீஸ் 1911ஆம் ஆண்டில் பிறந்ததும் இந்நகரின் வண்ணார்பண்ணையிலேயே ஆகும்.

எண்ணிக்கையால் சிறியோரும் தலைமைக்கு வர இடங்கொடுத்த இத்தகைய நகர அரசியலில் வளர்ந்தவர் துரையப்பா. அவருடைய பிற்கால வெற்றிகளையும் தோல்விகளையும் புரிந்துகொள்வதற்கு இப்பின்னணி இன்றியமையாதது.

நூலகம் திறந்த கைகள்

துரையப்பா 1926ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் பிறந்தார். கிறித்தவ சமயத்தைச் சார்ந்தவர். ஈழத்தமிழர் சட்டத்தரணி என்று வழங்கும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டவர். அந்நாளைய யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞர் தொழிலே அரசியலுக்கு வாயிலாக இருந்தது. தமிழ்க் காங்கிரசின் தலைவர் கணபதிப்பிள்ளை காங்கேசர் பொன்னம்பலமும், தமிழரசுக் கட்சியின் தலைவர் செல்வநாயகமும் பெரும் வழக்கறிஞர்களே. துரையப்பாவும் அவ்வழியே வந்தார். எனினும் தேசிய இனச் சிக்கலைப் பேசும் பெருமேடைக்குச் செல்லாமல், முதற்கண் நகரசபையின் வாயிலையே அவர் தேர்ந்துகொண்டார்.

நகரசபையின் பணிகள் கேட்பதற்குச் சிறியன. வீதி, வடிகால், விளக்கு, சந்தை, குடிநீர், சுடுகாடு, பூங்கா, விளையாட்டிடம் ஆகிய இவற்றைப் பற்றி வீரகாவியம் எவரும் பாடுவதில்லை. ஆயினும் ஓர் ஏழைக் குடும்பத்தின் அன்றாட வாழ்வு இவற்றிலேதான் அமைந்துள்ளது. வடிகால் அடைபட்டால் வீட்டுக்குள் நீர் புகும். விளக்கு எரியாவிடில் பெண்மக்கள் தெருவில் நடக்க அஞ்சுவர். இச்சிறு பணிகளின் வழியாக மக்களோடு நேர்முகத் தொடர்பு கொண்டமையே துரையப்பாவின் செல்வாக்குக்கு அடிப்படை எனலாம்.

அவர் மாநகர முதல்வராக இருந்த காலத்தில், 1959ஆம் ஆண்டு, யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புதிய கட்டடத்தைத் திறந்து வைக்கும் பேறு அவருக்கு வாய்த்தது. 1930களின் முற்பகுதியில் செல்லப்பா என்னும் புத்தக ஆர்வலர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசிப்புப் பணியே வளர்ந்து பெருமரமாயிற்று. அக்கட்டடத்தை வரைந்த கலைஞர் சென்னையைச் சார்ந்த நரசிம்மன். நூலக அமைப்புக்கு நெறிகாட்டியவர் சீர்காழியில் பிறந்து நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெற்ற சீ. இரா. அரங்கநாதன். தமிழகத்தின் கலையும் அறிவும் ஈழத்தமிழரின் முயற்சியோடு கைகோத்து எழுந்த வெண்மாடம் அது. அதன் கதவைத் திறந்த மாநகர முதல்வர் என்னும் ஒன்றே துரையப்பாவைத் தமிழ் பயில்வோர் நினைவில் வைத்தற்குப் போதுமானது.

வாக்குச் சீட்டின் தீர்ப்புகள்

1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தலில் துரையப்பா யாழ்ப்பாணத் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். எதிர்நின்றவர் சாமானியர் அல்லர். 1944ஆம் ஆண்டில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தோற்றுவித்தவரும், நாவன்மையால் நாடறிந்தவருமான பொன்னம்பலமே ஆவார். கட்சிப் பின்பலம் இல்லாத துரையப்பா அவரை வென்றார். அந்நாடாளுமன்றம் விரைவிலேயே கலைக்கப்பட்டு அவ்வாண்டு சூலையில் மீண்டும் தேர்தல் நடந்தபோதும் அவரே வென்றார்.

இவ்வெற்றி எங்கிருந்து வந்தது? நகரின் இசுலாமியரும், உழைக்கும் எளிய மக்களும், கட்சி மேடைகளில் தம் குரலுக்கு இடமில்லை என்று எண்ணியோரும் அவரைத் தம்மவராகக் கருதினர். பெருந்தலைவர்கள் தமிழினத்தின் உரிமையைப் பேசினர். துரையப்பா தெருக்கோடியில் இருந்தவனின் தேவையைக் கேட்டறிந்தார். இவ்விரண்டும் ஒரு சமுதாயத்துக்கு வேண்டியனவே. ஒன்றை மற்றொன்றின் பகையாக்கியதே பிற்காலத் துயரத்தின் வித்து.

1965ஆம் ஆண்டுத் தேர்தலில் பொன்னம்பலம் அவரைத் தோற்கடித்தார். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் மார்ட்டினிடம் 56 வாக்கு வேறுபாட்டில் துரையப்பா தோல்வியுற்றார். ஒரு தெருவின் வாக்குகள் மாறி விழுந்திருந்தால் முடிவும் மாறியிருக்கும். ஆயினும் இரு தோல்விகளையும் ஏற்றுக்கொண்டு அவர் மீண்டும் நகரப் பணிக்கே திரும்பினார். 1970களின் முற்பகுதியில் மாநகர முதல்வராக மறுபடியும் அமர்ந்தார். வென்றபோது பதவியேற்று, தோற்றபோது விலகி, மீண்டும் மக்கள்முன் வந்து நிற்றல் என்னும் மக்களாட்சி ஒழுங்கு அவர் வாழ்வில் பிறழாமல் நடந்தது. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இளைஞரின் சினம்

துரையப்பா சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் யாழ்ப்பாண அமைப்பாளராகவும் விளங்கினார். ஆளுங்கட்சியோடு இணைந்திருந்தால் நகருக்கு நன்மைகள் பெறலாம் என்பது அவர் கொண்ட வழி. ஆனால் காலம் அவ்வழிக்கு ஏற்றதாக இல்லை. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் தமிழர் நெஞ்சில் ஆறாப் புண்ணை ஏற்படுத்தியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல், தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற்றும் இடம் பெற இயலாத நிலையை உண்டாக்கிற்று. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு சிங்கள மொழியின் தலைமையை உறுதி செய்து, பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் அளித்தது. படித்தும் வாயில் அடைபட்ட இளைஞனின் சினம் நியாயமானது என்பதில் ஐயமில்லை. அந்த ஆட்சியின் உள்ளூர் முகமாக அவ்விளைஞர் கண்ணுக்குத் தோன்றியவர் துரையப்பா.

மேடைகளில் அவருக்கு ஒரு பட்டம் சூட்டப்பட்டது. துரோகி என்பதே அது. அரசியலில் மாற்று வழி கொண்டவரைச் சுட்டுதற்குத் தமிழில் சொற்கள் பல உண்டு. எதிர்க்கட்சியினர் எனலாம், மாற்றுக் கருத்தினர் எனலாம், தவறு செய்தவர் என்றும் கூறலாம். இவை யாவும் எதிராளியோடு வாதிட இடந்தருவன. துரோகி என்னும் சொல்லோ வாதத்தை முடித்துத் தண்டனையைத் தொடங்கி வைப்பது. அடக்கமுடைமை என்னும் அதிகாரத்தில் நாவடக்கத்தை வள்ளுவர் வற்புறுத்தியதன் அருமையை இவ்விடத்தில் உணர்கின்றோம். முதிர்ந்த தலைவர்கள் மேடையில் உரைத்த சொல்லை இளையோர் மெய்யென ஏற்றனர். 1971ஆம் ஆண்டிலேயே துரையப்பாவின் கார் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அதன் தொடர்பில் கைதானவர் பொன்னுத்துரை சிவகுமாரன் என்னும் மாணவர்.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் கூடிற்று. தனிநாயக அடிகளாரின் முயற்சியால் தோன்றிய ஆராய்ச்சி மன்றத்தின் மாநாடுகள் அதற்குமுன் கோலாலம்பூர், சென்னை, பாரிசு ஆகிய நகரங்களில் நடந்திருந்தன. மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டுமென்று அரசு விரும்பியது; பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் அமைப்பாளர்கள் யாழ்ப்பாணத்திலேயே நடத்தினர். சனவரி 10ஆம் நாள் நிறைவுப் பொதுக்கூட்டத்துக்கு வீரசிங்கம் மண்டபத்தின் முன்றிலில் மக்கள் வெள்ளம் திரண்டது. காவல்துறையினர் உள்நுழைந்து கண்ணீர்ப்புகை வீசினர், துப்பாக்கியால் சுட்டனர், மின்கம்பி அறுந்து கூட்டத்தின்மேல் வீழ்ந்தது. மாண்டோர் ஒன்பதின்மர் என்றும் பதினொருவர் என்றும் கணக்குகள் வழங்குகின்றன. தமிழ் கேட்க வந்தவர் பிணமாய்க் கிடந்த அந்நாளை ஈழத்தமிழர் இன்றளவும் மறந்திலர்.

ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆயர் ஒருவரும் அடங்கிய மக்கள் விசாரணைக் குழு, காவல்துறையின் மீதே குற்றத்தைச் சுமத்தியது. அரசோ தன் காவலர் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. நீதி மறுக்கப்பட்ட இடத்தில் பழி எவர் மீதேனும் இறங்கத் தேடும். மாநாட்டுக்கு ஒத்துழைக்காமல் இடையூறு செய்தவர் என்ற குற்றச்சாட்டு மாநகர முதல்வர் மீது வலுத்தது. ஆட்சியாளர் கொழும்பில் இருந்தனர்; துரையப்பாவோ கைக்கெட்டும் தொலைவில் இருந்தார். அதே ஆண்டு சூன் 5ஆம் நாள், காவலரால் சூழப்பட்ட சிவகுமாரன் நஞ்சுண்டு இறந்தார். இளைஞரின் சினம் மேலும் கொழுந்துவிட்டது.

இவ்வாண்டின் அக்டோபரில்தான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணுதல் தகும். திறனாய்வாளர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். தமிழரசுக் கட்சி எதிர்த்த அவ்வளாகம், பின்னாளில் ஈழத்தமிழரின் தலைசிறந்த கல்விக்கூடமாக வளர்ந்தது. ஆளுங்கட்சியோடு இணைந்து நிற்றல் முற்றிலும் பயனற்றது என்றும் கூறவியலாது. அதுவே போதுமானது என்றும் கூறவியலாது. ஆராய்ந்து பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு அது.

பொன்னாலையில் வீழ்ந்த உடல்

பேசித் தீர்க்க இடமின்றிப் போயிற்று. கிறித்தவராயினும் துரையப்பா பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சென்று வழிபடும் வழக்கமுடையவர். 1975ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் அவ்வாறு வழிபடச் சென்றபோது, கோயிலின் அருகில் காத்திருந்த இளைஞர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு அகவை 49. அவ்விளைஞர்களுள் முதன்மையானவர் வேலுப்பிள்ளை பிரபாகரன், அகவை 20. அடுத்த ஆண்டு மே 5ஆம் நாள் அவர் தலைமையில் தமிழீழ விடுதலைப் புலிகள் என்னும் இயக்கம் பெயர் பெற்றது. 1978ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வியக்கம் இக்கொலைக்கு உரிமை கோரி அறிக்கை விடுத்தது.

இறைவனை வணங்கச் சென்றவனைக் கொல்லுதல் எச்சமயத்தவர்க்கும் உடன்பாடு அன்று. அதைவிட ஆழமான செய்தியொன்றும் இங்குண்டு. யாழ்ப்பாண மக்கள் துரையப்பாவை இருமுறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்; இருமுறை வேண்டாமென்று நிறுத்தினர். அவரை ஏற்கவும் விலக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த உரிமையையே துப்பாக்கி அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது. மக்கள் வழங்க வேண்டிய தீர்ப்பை, மக்களைக் கேளாமலே சிலர் வழங்கினர்.

தொடர்ந்த நிழல்

ஒரு மனிதரோடு அது நின்றுவிடவில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு, துரையப்பா திறந்து வைத்த நூலகம் அரச படையினராலும் அவர்களோடு வந்த கும்பலாலும் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அரசின் இக்கொடுமைகளே இளைஞரைப் போருக்குத் தள்ளின என்பது வரலாறு. அதே வேளையில், தமிழரிடையே பிறந்த துரோகி என்னும் சொல்லும் தன் பயணத்தை நிறுத்தவில்லை.

1989ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள், தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கமும் யோகேசுவரனும் கொழும்பில் கொல்லப்பட்டனர். துரையப்பாவை மேடைகளில் வன்மையாக எதிர்த்த அணியின் தலைவர்களே அவர்கள். துரையப்பா வகித்த அதே யாழ்ப்பாணத் தொகுதியின் உறுப்பினராக 1977ஆம் ஆண்டில் தெரிவானவர் யோகேசுவரன். அவர் துணைவியார் சரோசினி யோகேசுவரன் 1998ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாநகர முதல்வரானார். அவ்வாண்டு மே 17ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்க்குப்பின் வந்த முதல்வர் பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் குண்டுவெடிப்பில் மாண்டார். ஒரே நாற்காலியில் அமர்ந்த மூவர் கொலையுண்டனர். அவர்களுள் ஒருவர் ஆளுங்கட்சியைச் சார்ந்தவர்; இருவர் அக்கட்சியை எதிர்த்த அணியைச் சார்ந்தவர்கள்.

இவற்றுக்கிடையே 1990ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண இசுலாமியர் இரண்டு மணி நேரக் கெடுவில் தம் நகரிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சுல்தானை முதல்வராகக் கண்ட நகரம் அது. துரையப்பாவுக்கு வாக்களித்த தெருக்கள் அவை. தனி ஒருவரைத் துரோகி என்று ஒதுக்கிய நாவுக்கு, ஒரு சமுதாயம் முழுவதையும் ஒதுக்குதல் அரிதாயிருக்கவில்லை. தமிழே தாய்மொழியாகக் கொண்ட அம்மக்கள், தமிழின் பெயராலேயே வீடிழந்தனர். இதனை இனப்பகையோடு கூறவில்லை. இனி ஒருபோதும் நேரலாகாது என்னும் கவலையோடு கூறுகின்றோம்.

புல் முளைத்த அரங்கு

துரையப்பாவின் பெயர் தாங்கிய அரங்கமும் போரின் வடுக்களைச் சுமந்தது. 1999ஆம் ஆண்டில் சீரமைப்புப் பணிக்காக நிலத்தைத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சிறுவர் பந்தாட வேண்டிய மண், பெயரறியா மாந்தரின் புதைகுழியாயிற்று. பெயர் பொறித்த நடுகல் மரபில் வந்த இனத்துக்கு இதனினும் பெரிய இழிவு வேறில்லை.

பல்லாண்டுகள் பாழ்பட்டுக் கிடந்த அவ்வரங்கம், இந்திய அரசின் உதவியாக ஏறத்தாழ 7 கோடி இந்திய ரூபாய்ச் செலவில் மீளக் கட்டப்பட்டது. 1,850 பேர் அமர்ந்து காணும் இருக்கைகள் அமைந்தன. 2016ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் இலங்கைக் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன நேரில் வந்தும், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி புதுதில்லியிலிருந்து காணொளி வழியாகவும் அதனைத் திறந்து வைத்தனர். துரையப்பாவின் பெயர் மாற்றப்படவில்லை. ஊருக்கு உழைத்தவர் என்று கருதுவோரும், இனத்துக்கு ஊறு செய்தவர் என்று கருதுவோரும் அவ்வொரே வாயிலின் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றனர்.

ஒரு மாநகர முதல்வரின் நினைவுக்கு விளையாட்டரங்கு மிகப் பொருத்தமான சின்னம் என்றே தோன்றுகின்றது. அரங்கத்தில் இரு அணிகள் முழு ஆற்றலோடு மோதுகின்றன. விதியை இருவரும் ஏற்கின்றனர். நடுவர் தீர்ப்பை ஏற்கின்றனர். ஆட்டம் முடிந்ததும் வென்றவனும் தோற்றவனும் உயிரோடு வீடு திரும்புகின்றனர். அடுத்த ஆட்டத்தில் மீண்டும் சந்திக்கின்றனர். மக்களாட்சியின் இலக்கணமும் இதுவேயன்றோ? 1965ஆம் ஆண்டிலும் 1970ஆம் ஆண்டிலும் துரையப்பா தோற்று வீடு திரும்பினார். 1975ஆம் ஆண்டில் அவரை வீடு திரும்ப விடவில்லை. அன்று முறிந்த ஆட்டவிதியைச் சீர்செய்ய ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. அதற்குள் எண்ணற்ற உயிர்கள் இருபுறத்தும் மாண்டன.

மாணவ நண்பர்களே! நாளை நீவிரும் மேடையேறுவீர், மாற்றாரோடு வாதிடுவீர். வாதம் எவ்வளவு கூர்மையாயினும் நன்றே. மாற்றான் நாளையும் உயிரோடிருந்து நமக்கு மறுமொழி கூற வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் நம் சொல்லில் இருத்தல் வேண்டும். கோட்டையை அடுத்த அப்புல்வெளியில் மாலைதோறும் ஓடியாடும் சிறுவர்க்கு ஆல்பிரட் துரையப்பாவின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று விழைவதும் இக்கருத்துப் பற்றியே ஆகும்.